விட்டுப்போன இருபத்திநாலு வரி

குழந்தைராஜ் ஒரு நாளும் சூடா டீ குடிச்சு நான் பார்த்ததில்லை. டீ வரும், ஆடை கட்டும், ஈ சுத்தும், அவன் பாட்டுக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பான். "ஏம்ப்பா, அந்த டீ உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு நான் கத்தினா, "ஆங், இதோக்கா"ன்னு ஒரே மடக்குல குடிப்பான். கொஞ்ச நேரம் கழிச்சு, குடிச்சோமா இல்லையான்னு சந்தேகம் வந்து காலி டம்ளரை மறுபடி வாய்ல வச்சுப் பார்ப்பான். அப்படி ஒரு பிறவி.

வயசுல என்னைவிடப் பதிமூணு சின்னவன். அதனாலதான் அவன் இவன்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் அகிலாண்டம். மயிலாடுதுறை மணிக்கூண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல நிக்கும்னு இந்தத் தெருவுக்கே தெரியும். அவனுக்குக் கோபமே வராது. அதனாலயே ஒரே கடையில நாங்க ஒம்பது வருஷம் காலம் தள்ளினோம்.

சொந்த ஊரு பொறையார். அப்பா அங்க லுத்தரன் கோயில்ல மணி அடிச்சவர். இவன் படிச்சுட்டு மெட்ராஸுக்குப் போய், பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற ஒரு கம்பெனியில இருந்தான். சட்டப் புத்தகம், வைத்தியப் புத்தகம், அகராதின்னு எது வந்தாலும் தலைப்பு இங்க ஆரம்பிக்குது, இங்க முடியுது, பேரு இங்க ஆரம்பிக்குது, இங்க முடியுதுன்னு குறி போடறதுதான் வேலை. கம்பெனியை மூடினதும் ஊருக்கு வந்துட்டான். ஒரு மழை நாள்ல என் கடை வாசல்ல குடையோட நின்னு, "அக்கா, உங்க கடையில அந்த மூலை சும்மாதானே கிடக்கு?"ன்னு கேட்டான். அந்த மூலையில நான் பழைய பேப்பர் போட்டு வச்சிருந்தேன். பேப்பரை எடுத்துட்டு இவனைப் போட்டேன்.

அவன் வேலை என்னன்னு எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆச்சு. இணையத்துல ஒரு பக்கத்தைப் பார்க்கிறோம், அழகா கட்டம் கட்டி இருக்கு. அதுக்குப் பின்னாடி இன்னொரு பக்கம் இருக்காம். அதுல ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால ஒரு குறி, பின்னால ஒரு குறி. அதைத் திறந்து காட்டினான். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு. அவன் மட்டும் கோயில் குளத்துல மீன் பார்க்கிறவன் மாதிரி சிரிச்சுக்கிட்டே இருந்தான். "இந்தக் குறியில ஆரம்பிச்சு, நடுவுல தமிழ் எழுத்து ஒண்ணோ பலதோ இருந்து, அந்தக் குறியில முடியறது எங்கெங்க இருந்தாலும் எடுத்து வான்னு ஒரே ஒரு வரி எழுதினாப் போதும்க்கா. ஆயிரம் பக்கத்துலேர்ந்தும் பேரை மட்டும் பொறுக்கிக்கிட்டு வந்துடும்." அந்த வரிக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு பேராம். என் வாயில நுழையற பேரா அது? நான் பேட்டர்ன்னு வச்சுக்கிட்டேன்.

ஒரு தடவை ஒரு ஸ்கூல் லிஸ்ட்டுல பேரு எடுக்கச் சொன்னா, முதல் குறியிலேர்ந்து கடைசிக் குறி வரைக்கும் மொத்தப் பக்கத்தையும் வாரிக்கிட்டு வந்துடுச்சு. "பேராசை புடிச்ச பேட்டர்ன்க்கா. ஒரு கேள்விக்குறி போட்டா அடங்கிடும்"னான். போட்டான், அடங்கிடுச்சு. என் மச்சினருக்கு ஒண்ணு போட முடியுமான்னு கேட்டேன். அதுக்கும் சிரிப்புதான்.

தினம் பஸ்ல பொறையார்லேர்ந்து வருவான். வழி முழுக்க வயல்தான். சம்பா நட்டு முடிச்ச வயல்ல தண்ணி நிக்கிறப்போ, வானம் எங்க முடியுது, வயல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாதுக்கான்னு சொல்வான். சொல்லிட்டு அரை மணி நேரம் ஒண்ணும் பேச மாட்டான். அந்த அரை மணி நேரம் அவன் எங்க இருப்பான்னு எனக்குத் தெரியாது. ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துலயும், அரசாங்கம் இலவசமாக் குடுத்த ஃபேன் சத்தத்துலயும் அவன் வேற ஏதோ ஊருக்குப் போயிட்டு வருவான்.

ஒரு வருஷம் ஐப்பசியில கமலவல்லி கடைக்கு வந்தா. காவேரிக்கு வடகரையில ஒரு சின்ன ஊரு. ஒரு அறக்கட்டளை நிலத்துல மூணு மா குத்தகை, அதாவது ஒரு ஏக்கர்தான். மாமனார் அய்யாவு உழுதது, அப்புறம் புருஷன் உழுதது. புருஷன் போய் ஆறு வருஷமா இவளே உழவு வச்சு, இவளே நாத்துப் பறிச்சு நட்டு வந்தா. அறக்கட்டளைக்குப் புதுசா வந்த ஏஜெண்ட் பஞ்சநதம், "உங்க மாமனார் பேரு பதிவேட்டுல இருந்தா காட்டு. இல்லேன்னா நிலத்தை விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டான். வீட்டுல இருந்த தாளெல்லாம் ஒரு வெள்ளத்துல போயாச்சு. வயல்ல சம்பா பச்சை புடிச்சு நிக்குது.

அவளுக்கு மட்டுமில்லை, அந்த அறக்கட்டளை நிலத்துல உழுத எல்லாருக்கும் இதே கதிதான். எங்க பக்கத்துல நிலத்துக்காக வெட்டும் குத்தும் கொடியும் கோஷமும் நடந்தது ஒரு காலம். கட்சிகள் மாறி மாறி ஆட்சிக்கு வந்து ஆளுக்கொரு சட்டம் போட்டாங்க. உழுறவன் பேரை எழுதி வைக்கணும்னு ஒரு சட்டம் வந்தப்போ எழுதினதுதான் அந்தக் குத்தகைப் பதிவேடு. எழுபத்திரண்டுல எழுதினது, ஆயிரத்து நானூறு பக்கம். எந்த ஊரு எங்க இருக்குன்னு வரிசையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நல்லவேளையா யாரோ புண்ணியவான் அதை அப்படியே வரிக்கு வரி அடிச்சு இணையத்துல போட்டிருந்தாங்க. இந்தத் தகராறை விசாரிக்க வர்ற வருவாய்த்துறை அதிகாரியம்மா, "பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்லுங்க, மூலப் பதிவேட்டுல நான் பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டாங்க. விவசாய சங்கத்துக்காரங்க குழந்தைராஜைத் தேடி வந்தாங்க.

அவன் பேட்டர்ன் எழுதினான். ஆயிரத்து நானூறு பக்கத்துலேர்ந்து அந்த அறக்கட்டளை நிலத்துல உழுதவங்க ஐந்நூத்தி எண்பத்தேழு பேரு, பக்க நம்பரோட, அகர வரிசையில விழுந்தது. சங்கத்துக்காரங்க அவனைத் தூக்காத குறைதான். நான் ஜெராக்ஸ் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போயிட்டேன்.

கமலவல்லி ஈரப் புடவையோட வந்து பெஞ்சுல உக்காந்தா. குழந்தைராஜ் லிஸ்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்ப்யூட்டர்ல அதே லிஸ்ட்டைத் தட்டியும் பார்த்தான்.

"அய்யாவு இல்லம்மா."

"நல்லாப் பாரு தம்பி."

"நான் பார்க்கலைம்மா, மெஷின் பார்க்குது. நம்ம கண்ணுதான் தப்பும். அது தப்பாது."

"எங்க மாமனார் உழுத இடத்துலதான் நேத்து வரைக்கும் களை எடுத்துட்டு வந்திருக்கேன். அது உன் மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நானும் சும்மா இருந்திருக்கலாம். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா கமலா? வேற யார் பேருலயாவது இருந்திருக்கும்"னு பெரிய இவளாட்டம் சொல்லிட்டேன். இன்னைக்கு நினைச்சாலும் என் வாயில நானே அடிச்சுக்கணும் போல இருக்கு.

லிஸ்ட்டு ஊரு பூரா போச்சு. பஞ்சநதம் கைக்கும் ஒண்ணு போச்சு. அவன் நேரா அவ வீட்டுக்கே போய், "உங்க ஆளுங்க எடுத்த லிஸ்ட்டுலயே உங்க மாமனார் இல்லையேம்மா. விசாரணையில நாலு பேர் முன்னாடி அவமானப்படணுமா?"ன்னு பதமாப் பேசியிருக்கான். செவ்வாய்க்கிழமை அவ எழுதிக் குடுத்துட்டா. புதன்கிழமை அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கே வந்தா.

அழலை. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்லை. "இத்தனை வருஷம் அடுத்தவங்க நிலத்துலயா நின்னுக்கிட்டிருந்தோம்? மாமனார் பொய் சொல்ற ஆளு இல்லையே அகிலாண்டம்"னா. அவ்வளவுதான். தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு மழையில இறங்கிப் போயிட்டா. எனக்கு என் மேலயே கோபம். அந்தக் கோபத்தையெல்லாம் குழந்தைராஜ் மேல கொட்டினேன். உன் மெஷினும் நீயும் நாசமாப் போகன்னு என்னென்னமோ சொன்னேன். குடையைக்கூட எடுக்காம போயிட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை, காலையிலேர்ந்து அவன் கடைக்கு வரலை. எனக்கு மனசு கேட்கலை. எங்க இருப்பான்னு தெரியும். ஐப்பசியில எங்க ஊருக்குக் காவேரியில முழுக்குப் போட எங்கெங்கேர்ந்தோ ஜனங்க வருவாங்க. இவன் கிறிஸ்தவன்தான், ஆனா துலாக்கட்டத்துப் படியில வந்து உக்காந்து வேடிக்கை பார்க்கிறதுல அவனுக்கு அப்படி ஒரு ஆசை. நான் கடையைச் சாத்திட்டுப் போனேன். தூறல் பொடிப்பொடியா விழுந்துக்கிட்டிருந்துச்சு. செங்காவித் தண்ணி கரை தொட்டு ஓடுது. தலை தலையா முங்குறாங்க, எழுந்திருக்கிறாங்க. மஞ்சள் வாசனை, ஈரத்துணி வாசனை. சத்தமெல்லாம் தண்ணி மேல எங்கயோ தூரத்துல கேட்கிற மாதிரி இருந்துச்சு. எனக்கே ஒரு நிமிஷம் எதுக்கு வந்தோம்னு மறந்துபோச்சு.

மேல் படியில உக்காந்திருந்தான். உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"என்னடா முணுமுணுக்கிறே?"

"எண்றேன்க்கா. முங்குற தலை எத்தனை, எழுற தலை எத்தனைன்னு. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கிறேன். சின்ன வயசுலேர்ந்து ஒரு பழக்கம். ஒரு தலை குறைஞ்சாக்கூட பயமா இருக்கும்."

சொல்லிட்டுத் தண்ணியையே பார்த்தான். திடீர்னு அவன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. "அக்கா, எழுந்த தலையை மட்டும்தான் எண்ணினேன்"னான். எனக்கு ஒண்ணும் புரியலை. "வந்த பேரை மட்டும்தான் எண்ணினேன்க்கா. உள்ள எத்தனை வரி இருந்துச்சுன்னு எண்ணவே இல்லை!" செருப்பைக்கூடப் போடாம ஓட ஆரம்பிச்சான். அவன் ஓடி அன்னைக்குத்தான் பார்த்தேன்.

கடைக்கு வந்து, அந்த அறக்கட்டளை பேரு வர்ற வரி மொத்தம் எத்தனைன்னு எண்ணச் சொன்னான். அறுநூத்திப் பதினொண்ணு. பேரு வந்ததோ ஐந்நூத்தி எண்பத்தேழு. இருபத்திநாலு வரி முங்கினது முங்கினதுதான்.

அந்த இருபத்திநாலையும் திரையில கொண்டுவந்தான். எல்லாத்துக்கும் முன்னால ஒரே ஒரு சுழி நின்னுச்சு: ௸. பழைய பத்திரம் பார்த்தவங்களுக்குத் தெரியும், மேற்படின்னு அர்த்தம். எங்க பக்கத்துக் கணக்குப்பிள்ளைங்க ஒரு பேரை ரெண்டு தரம் எழுத மாட்டாங்க. அப்பா பேரை ஒரு வரியில எழுதிட்டா, அடுத்த வரியில மகனுக்கோ பொண்டாட்டிக்கோ அந்தச் சுழியைப் போட்டுத் தாண்டிப் போயிடுவாங்க. இவன் தமிழ் எழுத்துன்னு பேட்டர்ன்ல சொன்னது அ-வுல ஆரம்பிச்சு மெய்யெழுத்துப் புள்ளியில முடிஞ்சுது. கம்ப்யூட்டர் வரிசையில இந்தச் சுழி அதையெல்லாம் தாண்டி, யாரும் தொடாத பழைய எண்களோட போய் உக்காந்திருக்காம். மெட்ராஸ்ல வருஷக்கணக்கா இங்கிலீஷ் புத்தகத்துக்குக் குறி போட்டவனுக்கு நம்ம ஊரு கணக்குப்பிள்ளை கை மறந்துபோச்சு. கட்டத்துல முதல் எழுத்தே எழுத்தில்லைன்னு பேட்டர்ன் அந்த ஆளையே விட்டுட்டு வந்துடுச்சு.

அந்த இருபத்திநாலுல பதினேழாவது வரியை விரலால தொட்டுக் காட்டினான். ௸ மகன் அய்யாவு, சாகுபடி, மூணு மா.

நான் அழுதுட்டேன். வெக்கப்பட என்ன இருக்கு, ஓன்னு அழுதுட்டேன். அப்பன் நிழல்ல நின்ன இளைய மகன், புருஷன் போனப்புறம் உழுத பொம்பளைன்னு, தன் பேருல ஆரம்பிக்காதவங்க மட்டும் தேடித் தேடி விட்டுப்போயிருந்தாங்க.

சங்கத்துக்காரங்களுக்குப் போன் போட்டா, அவங்க ஒரேயடியா பயந்துட்டாங்க. "குழந்தைராஜ், நாளைக்கு விசாரணை. லிஸ்ட்டு தப்புன்னு நீயே சொன்னா மிச்சம் ஐந்நூத்தி எண்பத்தேழு பேரும் சந்தேகத்துல மாட்டிக்குவாங்கப்பா. அந்தம்மா எழுதிக் குடுத்தாச்சு. அதை அப்புறமாப் பார்த்துக்கலாம்." நியாயம்தான்.  இவன் போனைக் கீழ வச்சுட்டு, "வயல்ல நட்டுட்டாங்களேக்கா. அப்புறம்னா எப்போ?"ன்னான்.

வெள்ளிக்கிழமை ஊரு சமுதாயக் கூடத்துல விசாரணை. மழைச் சத்தத்துல பாதி காதுலயே விழலை. அதிகாரியம்மா முன்னால கம்பளி மூட்டை கணக்கா பழைய பதிவேடுங்க. ஒவ்வொரு பேரா, லிஸ்ட்டைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பி, சரின்னு எழுதிக்கிட்டே வந்தாங்க. கமலவல்லி கடைசியில சுவத்தோரமா உக்காந்திருந்தா. அவ முறை வந்தப்போ பஞ்சநதம் எழுந்து அவ எழுதிக் குடுத்த தாளை மேஜையில வச்சான். "இவங்க லிஸ்ட்டுலயே கிடையாது மேடம். அவங்களே விட்டுக் குடுத்துட்டாங்க."

குழந்தைராஜ் எழுந்தான். 

"நான் எடுத்த லிஸ்ட்டு தப்புங்கம்மா."

சங்கத்துத் தலைவர் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. "தப்புன்னா? மொத்தமும் தப்பா?"

"இல்லீங்கம்மா. அதுல இருக்கிறதெல்லாம் சரி. இல்லாததுதான் தப்பு. இருபத்திநாலு பேரை நான் விட்டுட்டேன். இந்தாங்க, பக்க நம்பரோட இருக்கு. அய்யாவு எண்ணூத்தி மூணாம் பக்கம், முதல் வரி."

அந்தம்மா பதிவேட்டைத் திருப்பினாங்க.  வரியை வாய்க்குள்ளயே படிச்சாங்க.

பஞ்சநதம் எட்டிப் பார்த்துட்டு, "மேற்படின்னா எந்த மேற்படி மேடம்? இதுதான் முதல் வரி, மேல ஒண்ணுமே இல்லையே. ஊர்ல ஆயிரம் அய்யாவு"ன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் குடுமி மட்டும் இருந்திருந்தா பிடிச்சு ஆட்டியிருப்பேன்.

"ஒரு பக்கம் முன்னால திருப்புங்கம்மா, கடைசி வரி"ன்னான் குழந்தைராஜ். திருப்பினாங்க. மாரியப்பன். அய்யாவுக்கு அப்பா. அவர் நிலம் மூத்தவன் வழிக்குப் போச்சு, அந்த வழிப் பேரன் அரசப்பன் அங்கயே நின்னுக்கிட்டிருந்தான். "எங்க தாத்தாதாங்க மாரியப்பன். அய்யாவு எங்க சித்தப்பா"ன்னு அவன் கையைத் தூக்கினான்.

அதிகாரியம்மா கமலவல்லியைக் கூப்பிட்டாங்க. "விட்டுக் குடுக்கிறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதை என் முன்னாடி நீங்க ஒத்துக்கிட்டாத்தான் செல்லும். என்ன சொல்றீங்க?"

அவ அந்தம்மாவைப் பார்க்கவே இல்லை. நேரா குழந்தைராஜ் முன்னால வந்து நின்னா.

"நீதானே இல்லேன்னே. நீயே படி."

அவன் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டான். "மேற்படி மாரியப்பன் மகன் அய்யாவு. சாகுபடி. மூணு மா." மழைச் சத்தத்துல பக்கத்துல நின்னவங்களுக்குத்தான் கேட்டுச்சு.

"இன்னொரு தரம் படி."

படிச்சான். இந்தத் தடவை கூடத்துல இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. கமலவல்லி புடவைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு அதிகாரியம்மா பக்கம் திரும்பினா.

"அவரு இல்லேன்னாங்க, எழுதிக் குடுத்தேம்மா. அவருதான் இருக்காரே. அவரு இருக்கிறப்போ அவரு நிலத்தை நான் எப்படித் தாயி குடுப்பேன்?"

அந்தம்மா பேனாவை எடுத்து, அவ எழுதிக் குடுத்த தாளுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாங்க.